விமானத்துக்கு மரம் இழைத்தவன்

மரவேலையில் இரண்டு வகை உண்டு: பிழை செய்தால் திட்டு வாங்கித் தருவது ஒன்று, திட்டு வாங்க ஆளையே மிச்சம் வைக்காதது மற்றொன்று. நாற்காலி ஆடினால் காலடியில் காகிதத்தை மடித்து வைக்கலாம். விமானம் ஆடினால் எங்கே வைப்பது? இழைப்புளி பிடித்துக் கை காய்த்த சக பாவிகளுக்கு என் நிலைமை புரியும்.

ஐம்பதுகளின் நடுவில், செங்கல்பட்டு மரமண்டி முதலாளி காதர் பாய் சென்னையில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தார். சொந்தமாக ஒன்று கட்டவேண்டும் என்றார். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். உள்ளே மரச்சட்டம், மேலே துணி. யுத்த காலத்தில் விமானப்படைப் பட்டறையில் மரவேலை பார்த்தவன் என்பதால் மேற்பார்வை என்னிடம் வந்தது. பாய் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: முதல் தடவை பறக்கும்போது பின் இருக்கையில் நான் உட்கார வேண்டும். அன்றிலிருந்து எந்தப் பலகையையும் நான் அலட்சியமாகப் பார்த்ததில்லை.

பெண் பார்க்கும் படலம்

இறக்கையின் நீளத்துக்கு ஓடும் உத்தரம்தான் அதற்கு முதுகெலும்பு. அதற்கு எடை குறைந்த மரம் வேண்டும். கணு இருக்கக்கூடாது, நார் நேராக ஓட வேண்டும். பாய் தன் பர்மா தேக்கைக் காட்டினார். அதில் செய்தால் விமானம் உறுதியாக இருக்கும், தரையிலேயே இருக்கும் என்றேன். பிறகு மலை மரம் ஒரு லாரி வந்தது. ஒன்றில் கணு, ஒன்றில் நார் சாய்வு, ஒன்றில் மயிரிழை வெடிப்பு. நான் கழித்துப் போட்ட குவியல் கூரையைத் தொட்டது.

பாய் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "எம் பொண்ணுக்கு மாப்ள பாக்கசொல்ல கூட இவ்ளோ கழிக்கல சார்."

எந்தச் சன்னிதிக்கு?

மண்டியில் விமானம் கட்டுகிறார்கள் என்று ஊரில் பேச்சு. கோயில் மணியக்காரர் ஒருவர் குடையோடு வந்து, எந்தச் சன்னிதிக்கு, கலசம் எத்தனை என்று விசாரித்தார். தப்பு அவருடையதல்ல, கருவறைக்கு மேலே இருப்பதற்கும் விமானம் என்றுதான் பெயர், அந்தப் பெயர்தான் மூத்தது என்று இலக்கணத்தோடு விளக்கினேன். அவர் கேட்கவில்லை, பசைச் சட்டியை முகர்ந்து கொண்டிருந்தார். ஆசாரிகள் வழக்கமாகக் காய்ச்சும் வஜ்ரப் பசை மாட்டுத் தோலில் செய்வது. கடற்காற்றின் ஈரத்தில் இளகிவிடும். அதனால் நாங்கள் பாலிலிருந்து எடுத்த பசையைப் பயன்படுத்துகிறோம் என்றேன்.

மணியக்காரர் குடையை விரித்தார். "பால்லதான் ஒட்டியிருக்கேள்னா, ஏகாதசிக்குக்கூடப் பறக்கலாம்."

ஆகாத அடி

வலது உத்தரத்தை நான் அறுத்தேன். இடதை, ஊரில் பாதி வீடுகளுக்கு நிலை வைத்த துரைசாமி ஆசாரி அறுத்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடது ஒரு அங்குலம் கூடுதல். அப்படியே பறந்தால் விமானம் ஒரு பக்கம் சாயும். பின் இருக்கையில் யார் என்பதை நான் மறக்கவில்லை. ஆசாரி அசரவில்லை. வரைபடத்தில் இருக்கும் பதின்மூன்றடி மனையடி சாஸ்திரத்துக்கு ஆகாது, வீட்டுக்கே ஆகாதது வானத்துக்கு ஆகுமா என்று கேட்டுவிட்டு, ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார்.

அறிவியல் பேசிப் பயனில்லை, சாஸ்திரமே பேசினேன். வீட்டை உட்சுவரிலிருந்து அளக்கிறோம். இறக்கைக்குச் சுவர் ஏது? ஆகவே நுனியில் வரும் வளைவுச் சட்டத்தையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும் என்றேன். எந்த ஏட்டில் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சேர்த்து அளந்தார், ஆகிவரும் அடி வந்தது, முகம் தெளிந்தது, தானே அங்குலத்தை அறுத்தார்.

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்? இத்தினி நாளா ராவுல தூக்கம் இல்லாம கீறேன்."

துணியின் பிடி

சட்டத்தின் மேல் துணியைத் தைத்து ஒருவகை வார்னிஷ் பூசினால், அது சுருங்கி மிருதங்கத் தோல்போல விறைக்கும். எங்கள் துணி கொஞ்சம் அதிகமாகவே விறைத்தது. காலையில் பார்த்தால் இறக்கையின் மெல்லிய பின்னோரச் சட்டம் வில்லாக வளைந்திருந்தது. துணியைக் கிழித்து, குறுக்கே முட்டுக் கொடுத்து, மறுபடி போர்த்தினோம்.

ஆசாரி வளைந்த சட்டத்தை வருத்தத்தோடு தடவினார். "தீவாளிக்கு சேல எடுக்கப் போனா எம் முதுகும் இப்டித்தான் சார் ஆவுது."

பின் இருக்கை

அரசாங்கப் பரிசோதகர் வந்து, ஒட்டிய துண்டு ஒன்றை உடைத்துப் பார்த்தார். மரம் கிழிந்தது, ஒட்டு விடவில்லை. அனுமதி கிடைத்தது. மாமல்லபுரத்துக்கு வடக்கே, நீர் வடிந்த கெட்டி மணலில் ஆசாரி பூசணிக்காய் உடைத்தார். பாய் பிஸ்மில்லா சொன்னார். நான் என் இருக்கைக்கு அடியில் இருக்கும் ஒட்டுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எதிலும் குறை தோன்றவில்லை.

வானத்தில் ஏறினோம். கீழே கடற்கரைக் கோயில் கையடக்கமாகத் தெரிந்தது. அதன் விமானத்துக்கு மேலே எங்கள் விமானம். முன்னாலிருந்து பாய் திரும்பி, ஏதோ கடகடவென்று சத்தம் கேட்கிறதே, மரமா என்று கத்தினார். மரம் இல்லை, என் பல் என்று கத்தினேன்.

"அதுக்கும் அந்தப் பால் பசையவே போட்டுக்கறதுதான சார்?"

செய்தவனே முதலில் உட்கார வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தால், இந்த ஜில்லாவில் ஆடுகிற நாற்காலி ஒன்றுகூட மிஞ்சாது.