நாலு விரல் தாழ்ந்த கார்

சின்னவிக்கு அவன் மனைவி தெய்வி பெற்ற இரண்டு பிள்ளைகளும் கண் திறக்கவில்லை. இரண்டாம் முறை மருத்துவிச்சி சின்னாச்சி, "இது என்ரை கைக்கு மிஞ்சின காரியம், பெரியாசுபத்திரிக்குக் கொண்டு போ" என்று சொல்லிவிட்டாள். சொல்வது சுலபம். கொடிகாமத்துக்குப் பக்கத்தில் அந்தக் குறிச்சியில் வண்டி வைத்திருந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் சின்னவி ஓடினான். ஒவ்வொரு படலைக்கும் வெளியே நின்று கும்பிட்டான். அவனுடைய சாதியை ஏற்றினால் வண்டியைப் பிறகு யார் கழுவுவது என்று கேட்டார்கள். ஒருவர் தன் மாட்டுக்குக் காலில் புண் என்றார். அதே மாடு பின்னேரம் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போயிற்று. தெய்வி தப்பியதே பெரிய காரியம்.

அந்த வைராக்கியத்தோடு மலாயாவுக்குக் கப்பலேறினான். ஒரு தோட்டத்துத் துரையிடம் ஐந்து வருஷம் கார் ஓட்டிவிட்டு, 1936இல் திரும்பி வரும்போது கொழும்பில் ஒரு பழைய காரை வாங்கி ஊர்வரை ஓட்டி வந்தான். கன்வஸ் கூரை, இருமல்காரன் போல ஓர் எஞ்சின், நிமிர்ந்து நிற்கும் உயரம். கிழடு என்றாலும் ஓடும். பாம்பு கடித்தவன், பனையால் விழுந்தவன், வாந்திபேதிக்காரன் என்று அவனுடைய ஆட்கள் எல்லாரும் அதில்தான் ஆசுபத்திரிக்குப் போனார்கள். அடுத்த வருஷம் தெய்வி மறுபடியும் முழுகாமல் இருந்தாள். இந்த முறை கார் இருக்கிறது என்ற தைரியத்தில் இருவரும் நிம்மதியாய் நித்திரை கொண்டார்கள்.

அந்த நிம்மதி கதிரவேலர் கண்ணில் பட்டது. ஊரில் பாதித் தோட்டம் அவருடையது. அதுவரை மாட்டு வண்டியில் உயரக் குந்தியிருந்து போனவர், அந்தத் தைப்பொங்கலோடு புதுக் கார் ஒன்று எடுப்பித்தார். புது மாதிரிக் காருக்கு இருக்கை தாழ்வு. ஒருநாள் ஒழுங்கையில் இரண்டு காரும் எதிரெதிரே வந்தன. சின்னவி பின்னுக்கு எடுத்து வேலியோடு ஒதுங்கித்தான் நின்றான். ஆனால் கடந்து போகும்போது கதிரவேலர் அவனை அண்ணாந்து பார்க்க வேண்டியதாயிற்று. கொட்டிக் கொடுத்து வாங்கிய காருக்குள் இருந்துகொண்டு சின்னவியை அண்ணாந்து பார்த்தார் மனுஷன்! சிரிக்க வேண்டிய விஷயம். ஊரில் ஒருவருக்கும் சிரிக்கத் துணிவில்லை.

அடுத்தநாள் காலை சின்னவியை முற்றத்துக்குக் கூப்பிட்டார்.

"டேய், உன்ரை சீற்று என்ரை சீற்றிலும் நாலு விரல் கீழை இருக்க வேணும். இல்லையெண்டால் உந்தக் கார் இந்த ஒழுங்கையாலை போகாது. கொளுத்திப் போடுவம்."

"ஓம், நயினார்."

சின்னவிக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். காரைப் பறிக்காமல் விட்டாரே என்ற ஆறுதல்தான் வந்தது. நல்ல மனுஷன் என்றுகூட நினைத்தான். அந்த நினைப்போடே கொல்லன் மார்க்கண்டுவின் பட்டடைக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனான்.

சில்லுகளுக்கு மேலே இரும்புத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வில்லுகள்தான் காரைத் தாங்குகின்றன. தகட்டைக் கழற்றக் கழற்றக் கார் பதியும். பாரம் தாங்கும் வலுவும் போகும். கதிரவேலரின் ஆள் தம்பிராசா ஓர் அளவுத்தடியோடு வந்து நின்றான். ஒவ்வொரு வில்லிலும் மூன்று தகடு கழன்றது. தம்பிராசா தடியைச் சீற்றில் சாத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். நாலாவதும் கழன்றது.

மார்க்கண்டு சுத்தியலைக் கீழே வைத்தார். "இதுக்கு மேலை கழட்டினால் இது கார் இல்லை, சின்னவி. பாரம் ஏத்தினால் வயிறு நிலத்திலை இடிக்கும்."

"இன்னும் ஒரு விரல் நிக்குது" என்றான் தம்பிராசா.

சின்னவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "கழட்டுங்கோ, ஐயா" என்றான்.

ஆவணி மாதம், நல்ல உச்சி வெயிலில் தெய்விக்கு நோவு கண்டது. சின்னாச்சி வயிற்றைத் தடவிப் பார்த்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, சுணங்கக் கூடாது என்றாள். இருவரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். ஒழுங்கை முழுக்க வண்டித் தடம். இரண்டு தடத்துக்கும் நடுவே மண் மேடு. தனியே ஓட்டும்போது எப்படியோ சமாளித்து வந்தவன்தான். இன்றைக்கு மூன்று பேர் பாரம். கண்டி ரோட்டுக்கு இருபது முழம் இருக்கையில் காரின் வயிறு மேட்டில் குந்திவிட்டது. பின்சில்லு இரண்டும் மணலைக் கிண்டின. கார் அசையவில்லை.

அவன் போட்ட சத்தத்துக்குப் பனங்காணியில் நின்ற ஆறு பேர் ஓடி வந்தார்கள். இருபது முழம் தூக்கி வைத்தால் கல்லு ரோட்டு. பிறகு ஆசுபத்திரி வரைக்கும் தடையில்லை. ஆறு பேரும் குனிந்து பிடித்துவிட்டார்கள்.

அப்போது பின்னாலே ஹோர்ன் சத்தம் கேட்டது. கதிரவேலரின் கார். கம்பனிக்காரன் இருக்கையைத்தான் தாழ்த்தியிருந்தான், வயிற்றை அல்ல. அது மேட்டைத் தொடாமல் வந்து நின்றது. கதிரவேலர் ஒன்றும் பேசவில்லை. ஹோர்ன் இன்னொரு தரம் அடித்தது.

சின்னவியின் கை தானாகத் தோள் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டியது.

"முதல் நயினாருக்கு வழி விடுங்கோ. வேலிப்பக்கம் தூக்குங்கோ."

"முன்னுக்கு!" என்று உள்ளே இருந்து தெய்வி கத்தினாள். "இஞ்சாருங்கோ, முன்னுக்குத் தூக்கச் சொல்லுங்கோ!"

அவர்கள் வேலிப்பக்கம் தூக்கினார்கள். பாரம் தாங்காமல் ஒருவனுக்குக் கை வழுக்கியது. கார் சரிந்து, ஒரு பக்கம் வேலியோரத்து மழைநீர்க் கானுக்குள் இறங்கிவிட்டது. புதுக் கார் கடந்து போயிற்று. போகும்போது கதிரவேலர் குனிந்து, கானுக்குள் இறங்கிக் கைகட்டி நின்ற சின்னவியைப் பார்த்துவிட்டுப் போனார்.

கானுக்குள் இறங்கிய காரை மறுபடி ஆறு பேரால் எடுக்க முடியவில்லை. கயிற்றுக்கும் ஆட்களுக்குமாக ஓடித் திரிந்து எடுத்து முடிக்கையில் வெயில் சாய்ந்துவிட்டது. அதற்கு வெகுநேரம் முன்னமே சின்னாச்சி தன் சேலைத் தலைப்பால் தெய்வியின் முகத்தை மூடியிருந்தாள். பிள்ளை வெளியே வரவேயில்லை.

சின்னவி அதற்குப் பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தான். கள்ளுக் கொட்டிலில் ஆட்கள் அந்த நாளைச் சொல்லிக் கதிரவேலரைத் தூஷணத்தால் ஏசத் தொடங்கினால், அவன் கையிலிருந்த ஓலைப் பிளாவை வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவான். இவனுக்கு இன்னும் அந்தாளில் பயம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். பயமில்லை. கதிரவேலர் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. வேலிப்பக்கம் தூக்கச் சொன்னது தான்தான் என்பது அவனுக்குத் தெரியும். தெய்வி அதைக் கேட்டாள் என்பதும் தெரியும்.