செவ்வாய் நாவலுக்கு ஆள் பிடித்த கதை

எழுபதுகளின் நடுவில் மூணாறு மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஆனால் கதைப் புத்தகம் கிடைத்தால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். தோட்டத்து நூலகம், வாயனசாலை என்போம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கும். அதைப் பார்த்துக்கொண்டவர் ஃபாக்டரி எலக்ட்ரீஷியன், எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி. மதுரைக்குப் போனவர் குடும்ப நாவல்களோடு புத்தம் புதிய விஞ்ஞான நாவல் ஒன்றையும் வாங்கி வந்துவிட்டார். அட்டையில் சிவப்பாகச் செவ்வாய்க் கிரகம், அதன்மேல் கண்ணாடிக் குல்லா போட்ட ஒரு பெண். முதல் ஆளாக நான்தான் எடுத்தேன். ஐயோ, என்ன புத்தகம்! உலை பொங்கி அடுப்பை அணைத்ததுகூடத் தெரியாமல் படித்தேன்.

திருப்பிக் கொடுத்த பிறகு அது அலமாரியில் வைத்தது வைத்தபடி கிடந்தது. வாரா வாரம் போய்ப் பார்ப்பேன், அதே இடம்.

"உனக்கப்புறம் ஒரு ஆளு தொடலையே தங்கச்சி" என்றார் அண்ணாச்சி. "கமிட்டியில கேக்காங்க. வார ஞாயித்துக்கெழமைக்குள்ள யாரும் எடுக்கலன்னா, இந்த ராக்கெட் சமாச்சாரமே இனிமே வாங்கக் கூடாதுன்னுட்டாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வாங்க மாட்டாங்களாமா? ஆளோட வாரேன், இருங்க!" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சொன்னது சரி, ஆளுக்கு எங்கே போவது? கொழுந்து எடுக்கையில் கைக்குத்தான் வேலை, வாய் சும்மாத்தானே இருக்கிறது. மறுநாள் கூடையை மாட்டியதுமே தொடங்கிவிட்டேன். "மதினி, புதுசா ஒரு நாவல் வந்திருக்கு. செவ்வாயில ஆளுக குடியேறிட்டாங்க..."

பக்கத்து வரிசையில் நின்ற மதினியின் கை அப்படியே நின்றது. "ஏட்டி, வாயைக் கழுவு! அந்தப் பேரை என் காதுல போடாத."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மதினி மகளுக்குச் செவ்வாய் தோஷம். பெண் கேட்டு வருகிறவர்கள் ஜாதகத்தைப் பார்த்ததும் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் அடுத்த வரிசையில் குனிந்த தலை நிமிராமல் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள். "வயசுப் பிள்ளை இருக்க வீட்டுக்குள்ள அந்தப் படத்தை எவ கொண்டு போவா?" என்றாள் இன்னொருத்தி. அடப் பாவிகளா, இதுதான் சங்கதியா! கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு.

"சரி, பேரைச் சொல்லல" என்றேன். "ஒரு ஊரு. மழை கிடையாது, மண்ணெல்லாம் சிவப்பு. அங்கயும் நம்மளப் போல வரிசை வீட்டு லயந்தான். ஒரே கூரை, பக்கத்து வீட்டுல இருமுனா இங்க கேக்கும். காலையில சங்கு ஊதுனா, பேர் குடுக்கப் பெரட்டுக்கு வரிசையா நிக்கணும். வெளிய காத்தே கிடையாது. காத்தை முதுகுல கட்டிக்கிட்டுத்தான் வேலைக்குப் போகணும்."

"நமக்கு முதுகுல கூடை, அவுகளுக்குக் காத்தா?" என்று யாரோ கேட்க, மலையே சிரித்தது.

பிடித்துக்கொண்டேன். அந்த மண்ணில் ஒரே ஒரு செடியை முளைக்க வைக்க ஒருத்தி பாடுபடுகிறாள். தண்ணீர் தண்டம் என்று துரைமார் வைகிறார்கள். அவள் தன் பங்குக் குடிதண்ணீரை அதற்கு ஊற்றுகிறாள். தினமும் கதையைச் சரியான இடத்தில் வெட்டி, "மீதி புஸ்தகத்துல இருக்கு" என்பேன். என்னைத் திட்டாத வாய் இல்லை. கங்காணிகூட அதட்ட வருவது போல வந்து பக்கத்திலேயே நின்றுகொள்வார். மதினி மட்டும் மூச்சு விடவில்லை. அவள் மகளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாயனசாலை திறந்ததிலிருந்து அங்கேயே பழியாய்க் கிடந்தேன். வந்தவள் எல்லாம் குடும்ப நாவலை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் போனாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணாச்சி ஜன்னலைச் சாத்த எழுந்தபோது மதினி மகள் உள்ளே வந்தாள், பின்னாலேயே மதினி. அந்தப் பெண் நேராகப் போய் அந்தச் சிவப்பு அட்டையை உருவினாள்.

"அது வேண்டாம்னு சொன்னேம்லா!" என்றாள் மதினி.

அவள் திரும்பினாள். "யம்மா, அங்கனயே பொறக்க பிள்ளைக்குச் சாதகம் எழுதுனா, பூமி தோஷம்னுதான எழுதுவாக? நாம அவுகளுக்கு என்ன கெடுதல் செஞ்சோம்?"

மதினி அந்த அட்டையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அந்தச் செடி பொழைச்சுதா இல்லையா, அதை மட்டும் சொல்லுட்டி."

"மீதி புஸ்தகத்துல இருக்கு மதினி!" சந்தோஷத்தில் கத்தியே விட்டேன்.

"சரி, எடுத்துட்டு வந்து வாசிச்சுச் சொல்லு" என்றாள் மகளிடம். "அட்டையை மட்டும் தாவணிக்குள்ள மூடிக்க. வழியில யாரும் பாத்துரக் கூடாது."

அவள் மூடவில்லை. கடைசி லயம் வரைக்கும், அட்டை எல்லோருக்கும் தெரியும்படி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தாள்.