தலைவர் வாசிக்காத முதல் பக்கம்

இன்னும் அதிர்ச்சி தெளியவில்லை.

இன்று தில்லி ஜனக்புரியில் எங்கள் காலனித் தமிழ் மன்றத்தின் வாசிப்பு விழா. ஒரே தமிழ்ப் புத்தகத்திலிருந்து ஆளுக்கு ஒரு பக்கம் மேடையில் வாசிக்க வேண்டும். கேட்பவர்கள் உண்டியலில் போடும் பணம் பக்கத்துப் பள்ளிகளின் நூலகங்களுக்கு.

முதல் பக்கம் மன்றத் தலைவருக்கு. போன பொங்கல் விழாவில், "உங்க பொண்ணுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதா? வெட்கமா இல்லே?" என்று மைக்கிலேயே என் மானத்தை வாங்கியவர்.

புத்தகத்தைத் திறந்தார். பார்த்தார். அடுத்த பக்கத்துக்காகக் காத்து நின்ற என்னிடம் நீட்டினார்.

"நீங்களே வாசிங்க. கண்ணாடி கொண்டுவரலை."

கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது.

"போட்டுட்டுதானே சார் இருக்கீங்க?"

"அரே, மெதுவா! எனக்குத் தமிழ் பேசத்தான் வரும். ஸ்கூல்ல எல்லாம் ஹிந்திதான்."

"அப்போ வருஷா வருஷம் பேப்பரைப் பார்த்துப் பேசுறீங்களே?"

"அது தமிழ்தான். ஹிந்தி எழுத்துல எழுதி வெச்சுப்பேன்."

"தலைவருக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்று மைக்கில் சொல்லிவிட்டு நானே வாசித்தேன். முதலில் கைதட்டியவர் அவர்தான்.

மன்றத்து நண்பர்களே, இந்தப் பதிவை அவரால் படிக்க முடியாது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். தயவுசெய்து யாரும் வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.