நீலம் போன ஏரி

பேசாலையில் பிறந்து, இருபத்திரண்டு வருடமாகப் பலேர்மோவில் வீட்டு வேலை செய்கிற அகஸ்ரீனாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் முன்னால் வீட்டையே கவிழ்த்துக் கழுவுகிற நாட்களில், எதையும் தொடுவதற்கு முன் அந்த அறையைப் போனில் போட்டோ எடுத்துக்கொள்வாள். வந்த புதிதில் ஒரு வீட்டில் பீங்கான் நாய் ஒன்றைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு ஒரு கிழமை பேச்சு வாங்கியிருந்தாள். இந்த வழக்கம் வந்த பிறகு அவள் கையால் எந்தப் பொருளும் ஒரு விரலளவுகூட இடம் மாறியதில்லை. போட்டோக்களை அவள் அழிப்பதுமில்லை. போன் மாறினால் மகளிடம் கொடுத்துப் புதியதில் ஏற்றிக்கொள்வாள்.

அவளுக்கு மூன்று வீடுகள். மூன்றும் நகரின் நடுவே, பொலிதேயாமா நாடக அரங்கின் பக்கம். முதலாவது, அவள் சிஞ்ஞோரா என்று மரியாதையாகக் கூப்பிடும் ஒர்னெல்லாவின் வீடு. மற்ற இரண்டும் அவர் சொல்லிக் கிடைத்தவை. அங்கே பெயர் கெட்டால் மூன்றும் போகும்.

ஒர்னெல்லாவின் வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு பெரிய நீர்வர்ண ஓவியம் தொங்கியது. அதில் நாட்டின் வடக்கே உள்ள ஓர் ஏரி. கரையில் பழைய பட்டுநூல் ஆலை, செங்கல் புகைபோக்கி, பொதி இறக்கும் மரத்துறை, இரண்டு தட்டை வள்ளங்கள். ஒர்னெல்லாவின் தகப்பனார் அந்த ஆலையில் இயந்திரங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். அவரோடு வேலை செய்த ஒருவர் வரைந்து கொடுத்தது. சிறந்த ஓவியம் என்று சொல்வதற்கில்லை. ஆலையின் சுவர் சற்றுச் சரிந்திருந்தது; வள்ளங்கள் மிதக்காமல் தண்ணீருக்கு மேல் வைக்கப்பட்டவை போல இருந்தன. தண்ணீரை மட்டும் அந்த மனிதர் கவனித்துப் பார்த்திருந்தார்.

ஆலையை இப்போது அருங்காட்சியகமாக்குகிறார்கள். திறப்பு விழாவுக்கு ஓவியத்தைக் கொண்டுபோவதற்காக ஒர்னெல்லாவின் அண்ணன் மகன் நிக்கோலோ ஒரு புதன்கிழமை மிலானிலிருந்து வந்தான். ஒர்னெல்லாவின் கணவரான மாமாவின் அடக்கத்துக்குப் பிறகு, எட்டு வருடத்தில், அவன் அந்த வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

“நீலம் எங்கே?” என்றான். “இந்த ஏரி நீலமாக அல்லவா இருந்தது?”

ஏரி சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஒர்னெல்லா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போனார்.

“எனக்கு எப்போதும் போலத்தான் தெரிகிறது.”

நிக்கோலோ, துடைக்கும் துணியோடு நின்ற அகஸ்ரீனாவிடம் திரும்பினான். முதல் பேச்சிலேயே அவளை ‘நீ’ என்றான். “ஈரத்துணியால் துடைத்தாயா? கண்ணாடிக்குள் தண்ணீர் போயிருக்கிறது.”

“இல்லை. எப்போதும் காய்ந்த துணிதான்.”

“அப்படியானால் நீலம் தானாக எழுந்து வெளியே போனதா?” பிறகு அத்தையிடம் சொன்னான்: “சனிக்கிழமை வந்து எடுத்துப்போகிறேன். அதுவரை இவள் தொட வேண்டாம். வேறு ஆள் பார்ப்பதுதான் நல்லது.”

எத்தனை மணிக்கு வருவாய் என்று மட்டும் ஒர்னெல்லா அவனிடம் கேட்டார். அகஸ்ரீனாவைச் சுட்டது அதுதான்.

அன்று மாலை வீட்டில் அவள் போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். கணவன் ஸ்ரீபன் சோற்றுக் கோப்பையோடு வந்து பக்கத்தில் இருந்தான்.

“என்னப்பா, அந்தக் குளத்து நீலத்தைத் துடைச்சு வீட்டை கொண்டந்திட்டியோ? எங்கை, காட்டு பாப்பம்.”

“பகிடி விடாதேங்கோ. இதைப் பாருங்கோ.”

வருடத்துக்கு இரண்டாகப் பன்னிரண்டு வருடத்துப் போட்டோக்கள். முதல் சில வருடங்களில் ஏரி கடும் நீலம். சிஞ்ஞோராவின் கணவர் இறந்த வருடத்து நத்தாரிலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்திருந்தது. தண்ணீர் பட்டிருந்தால் ஒரே நாளில் போயிருக்க வேண்டும். இன்னொன்றும் தெரிந்தது. அவர் இருந்தவரை யன்னலின் மரக்கதவுகள் சாத்தியிருந்தன. பிறகு எல்லாப் போட்டோவிலும் அவை திறந்திருந்தன. ஓவியத்தின் மேல் வெயில் சதுரமாக விழுந்திருந்தது. அந்த மனிதர் வெளிச்சத்தைப் பொறுக்காதவர். அவரை அடக்கம் செய்த மறுகிழமை, “முப்பத்தெட்டு வருடம் இருட்டில் இருந்துவிட்டேன், இனித் திறந்தே இருக்கட்டும்” என்று சொன்னவர் ஒர்னெல்லாதான்.

தினமும் ஓவியத்தின் முன்னால் நடமாடிய இரண்டு பேருக்கும் மாற்றம் தெரியவில்லை. எட்டு வருடம் காணாதவனுக்கு உடனே தெரிந்தது, காரணம்தான் தெரியவில்லை.

“பிறகென்ன? அவன்ரை மூஞ்சிக்கு நேரை காட்டிப்போட்டு வா.”

“காட்டினா, சிஞ்ஞோராதான் பழுதாக்கினவ எண்டு நான் சொல்லுறமாதிரியெல்லோ?”

“அப்ப நீதான் பழுதாக்கினனீ எண்டு இருக்கட்டும். மூண்டு வீடும் போகட்டும். நான் றெஸ்ரோரன்ரிலை இன்னும் நாலு சட்டி கூடக் கழுவுறன்.”

“வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கோ.”

மறுநாள் அவள் போனைச் சிஞ்ஞோராவின் கையில் கொடுத்தாள். “வேறு யாரிடமும் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். நான் துடைத்துக் கெடுக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.”

ஒர்னெல்லா கடைசிப் போட்டோ வரை பார்த்தார். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார். பழைய போட்டோ ஒன்றிலிருந்த நாற்காலியைக் காட்டி, “இந்தக் கதிரையை எப்போது கொடுத்தோம்?” என்று மட்டும் கேட்டார். பிறகு போனைத் திருப்பித் தந்துவிட்டுக் கோப்பி கேட்டார். வெள்ளிக்கிழமையும் அதைப் பற்றிப் பேச்சில்லை. அன்று மற்ற வீடுகளில் ஒன்றின் சமையலறையைக் கழுவும்போது, அடுத்த கிழமையும் இங்கே வருவேனா என்று அகஸ்ரீனா இரண்டு தடவை நினைத்தாள்.

சனிக்கிழமை நிக்கோலோ பொதி சுற்றும் தாளோடு வந்தான். “புது ஆள் கிடைத்ததா?”

“ஆள் மாறவில்லை,” என்றார் ஒர்னெல்லா. “வெயில் பட்டுப் போனது, நிக்கோலோ. யன்னலைத் திறந்து வைத்தவள் நான். எட்டு வருடமாக.”

“ஒரு திரையாவது போட்டிருக்கலாமே, அத்தை!”

“போட்டிருக்கலாம். எனக்கு ஏரியைவிட வெளிச்சம் வேண்டியிருந்தது.”

சொல்லும்போது அவர் அகஸ்ரீனாவைப் பார்க்கவில்லை. நிக்கோலோவும் பார்க்கவில்லை, குனிந்து தாளை விரித்தான். நீலம் போனாலும் ஆலையும் துறையும் தெரிகின்றன, அருங்காட்சியகத்துக்கு அது போதும் என்றான்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்ரீபன் கேட்டான்: “பெடியன் மன்னிப்புக் கேட்டவனோ?”

“இல்லை. லிப்ற்றுக்குள்ளை ஓவியம் கொள்ளேல்லை. படியாலை இறக்கேக்கை மற்றப் பக்கத்தை என்னைப் பிடிக்கச் சொன்னவன்.”

“பிடிச்சனியோ?”

“ஓம். நாலு மாடி.”