தங்கச்செல்வி அக்காவின் எட்டு முழ அறை

பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்தில் தங்கச்செல்வி அக்காவிடம் பூ வாங்கும் யாரும் பேரத்தில் தோற்றதில்லை. "சரி, உங்க வெலைக்கே வாங்கிக்கங்க" என்று உடனே இறங்கி வந்துவிடுவார். சரம் ஏன் இத்தனை சீக்கிரம் முடிந்தது என்ற யோசனை வாங்கியவருக்கு நாலடி நடந்த பிறகுதான் வரும். அதற்குள் பஸ்ஸும் வந்துவிடும்.

இருபத்திரண்டு வருடம் நின்றுகொண்டே விற்றதில் அக்காவுக்கு இரண்டு மூட்டும் தேய்ந்துவிட்டது. இனி நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் வீட்டு முன்னால் கிடக்கும் காலி இடத்தில் ஓர் அறை கட்டி, தெருவைப் பார்த்துப் பெரிய ஜன்னல் வைத்து, அதற்குள் உட்கார்ந்தபடியே விற்பது என்று முடிவு செய்தார். பஸ் பயணிகள் அந்தத் தெருவுக்குள் வர மாட்டார்கள். தெருப் பெண்கள் வாங்கினால்தான் பிழைப்பு.

பிளான் போட என்னைக் கூப்பிட்டார். சிவில் படித்துவிட்டு ஒரு வருடமாக வீட்டில் இருந்த என்னிடம் அதுவரை யாரும் ஒரு கோழிக்கூண்டுக்குக்கூடப் பிளான் கேட்டதில்லை.

"எடம் எவ்வளவுக்கா இருக்கு?"

"செவுத்துல இருந்து தெரு ஓரம் வரைக்கும் எட்டு முழம். நேத்துத்தான் நாரைக் கட்டி அளந்தேன்."

"சரியா அளந்தீங்களா?"

"யாருகிட்ட கேக்குற தம்பி? ஒரு நாளைக்கு எரநூறு முழம் அளக்குற கை இது."

முழத்துக்கு ஒன்றரை அடி என்று பெருக்கி, பன்னிரண்டு அடி என்று எழுதிக்கொண்டேன். அவர் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். டேப்பை எடுத்துக்கொண்டு நேரில் போயிருக்கலாம். அப்பா முப்பது வருடம் தறியில் உட்கார்ந்து என்னைப் படிக்கவைத்தவர். படித்தவன் தெருமண்ணில் குந்தி டேப் பிடித்தால் அவருக்கு ஒரு மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அவருக்கா, எனக்கா என்று இப்போது கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. லேப்டாப்பில் வரைந்தேன். கலரில் பிரிண்ட் எடுத்தேன். ஜன்னல் ஓரத்தில் ஒரு பூந்தொட்டிகூட வைத்தேன்.

கொத்தனார் தாவீதுராஜ் தரையில் சுண்ணாம்புப் பொடிக் கோடு போட வந்தது குழாயில் தண்ணீர் விடுகிற நாளில். பத்து நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீர் என்பதால் தெருவே குடங்களோடு நின்றிருந்தது. அவர் பிளானைப் பார்த்துச் சுவரிலிருந்து டேப்பை இழுத்தார். இழுத்துக்கொண்டே போனார். தெரு ஓரம் வந்தும் டேப் நிற்கவில்லை. பன்னிரண்டாவது அடியில் கோடு போட்டு நிமிர்ந்தபோது தெருக்குழாய் அறைக்குள் இருந்தது.

"பிளான்ல உள்ளபடி போட்டுட்டேன் சார்" என்றார் என்னிடம், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

வரிசையில் முதல் ஆளாக நின்ற கோகிலாம்பாள், அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர், விடவில்லை. "என்ன செல்வி, கொழாயையும் சேத்து வளைச்சுட்ட? தண்ணி புடிக்க இனி ஒன் ரூமுக்குள்ளதான் வரணுமா?"

தாவீதுராஜ் மறுபடி அளந்தார். "எடமே ஒம்போதடி நாலு இஞ்ச்தான் சார் இருக்கு. பன்னெண்டு எங்க இருந்து வந்துச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அக்காதான் எட்டு முழம்னு சொன்னாங்க" என்றேன். வாயை மூடிய பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது.

கோகிலாம்பாள் குடத்தைக் கீழே வைத்தார். தறிக்குப் பாவு நூல் அளந்து பழகியவர், விரல் மடக்கியே கணக்கை முடித்துவிட்டார். "நூத்திப் பன்னெண்டு இஞ்ச். எட்டால வகுத்தா பதினாலு. ஏன்டி செல்வி, முழத்துக்குப் பதினெட்டுல்ல? மிச்சம் நாலு இஞ்ச் எங்கடி?"

"எம் மக கல்யாணத்துக்கு முந்நூறு முழம் வாங்குனேனே!" என்று வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

அக்கா முகம் சுருங்கிவிட்டது. ஜன்னல் வரவேண்டிய இடத்தைப் பார்த்தார், எதிரே நிற்கிற பெண்களைப் பார்த்தார். முழங்காலைப் பிடித்தபடி மெல்ல எழுந்தார்.

"எங்க எடத்தையும் இதே கையாலதானக்கா அளந்திருக்கேன்? ஒங்களுக்கு ஒரு முழம், எனக்கு ஒரு முழம்னு வஞ்சகம் வெச்சிருந்தா இந்தக் கொழாய் ரூமுக்குள்ள வந்திருக்குமா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. கோகிலாம்பாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "சிரிச்சுட்டேன்னு பூ வாங்க வந்துருவேன்னு நெனைக்காத" என்றார்.

சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் மன்னிப்புக் கேட்க ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அதற்கு அவர் இடமே தரவில்லை.

"தம்பி, ஜன்னல் கட்டையில ஒன்றரை அடி எடவெளியில ரெண்டு கோடு வெட்டணும். பிளான்ல போடு. அந்தத் தொட்டியத் தூக்கிரு. நான் பூ விக்கவா, செடிக்குத் தண்ணி ஊத்தவா?"

மறுநாள் காலை போய் மண்ணில் முட்டி போட்டு அளந்தேன். டேப்பின் மறுமுனையை அக்கா பிடித்துக்கொண்டார். அப்பா அந்த வழியாகத்தான் டீக்கடைக்குப் போனார். "கிழக்கு மூலையையும் அளந்துக்கடா" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவ்வளவுதான்.

அறை ஒன்பதடியில் எழுந்தது. முதல் வெள்ளிக்கிழமை, ஜன்னலுக்கு மேல் சாக்பீஸில் எழுதியிருந்தது: கோட்டு முழம் நாற்பது, கை முழம் முப்பது. காலை ஏழு மணி வரை ஒருவரும் வரவில்லை. அக்கா மல்லிகை மேல் தண்ணீர் தெளிப்பதும், தெருவைப் பார்ப்பதும், மறுபடி தெளிப்பதுமாக இருந்தார்.

கோகிலாம்பாள் வந்தார். விலையைப் படித்தார். ஜன்னல் கட்டையில் வெட்டியிருந்த கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"சௌடேஸ்வரியம்மனுக்குக் கோட்டு முழத்துல ரெண்டு குடு. எம் மருமகளுக்குக் கை முழத்துல ஒண்ணு."

"மருமகளுக்கும் கோட்டுலயே தரவாக்கா?"

"வேணாம். அவளுக்கு ஒன் கையே போதும்."