அரிசிக்குள் ஒரு போன்

கூத்தாநல்லூரில் நான் அரிசி வாங்கும் கடைக்காரருக்கு வெள்ளைத் தாடி, தூக்கம் கலையாத முகம். கடை திறந்ததும் போனை அணைத்து அரிசி டின்னுக்குள் புதைத்துவிடுவார்.

“தண்ணில விழுந்துடுச்சா பாய்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இல்லைங்க. ஜமாத் குரூப்ல நாளெல்லாம் மெசேஜ். யாராச்சும் மௌத்து, இறந்துட்டாங்கன்னு வந்தா, பேரைக்கூடப் படிக்காம ‘இன்னா லில்லாஹி’ன்னு போட்டுடுவேன். ஒருதடவை அப்படிப் போட்டது என் கூட்டாளிக்குன்னு மூணு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அடக்கத்துக்குக்கூடப் போகல. இன்னும் அழுகை வரலைங்க.”

சொல்லிக்கொண்டே என் அரிசியை அளந்தார். குரல் மாறவில்லை.

வெளியே வந்ததும் என் போன் அதிர்ந்தது. சொந்தக்காரர்கள் குரூப்பில் மாலை போட்ட ஒரு படம். கும்பிடும் கைகளை அனுப்பினேன். யாரென்று அப்புறம்தான் பார்த்தேன்.