நூறு மார்க் வாங்கிய குழம்பு

போன வாரம் எங்கள் ஆபீசில் கேக் வெட்டினோம். யாருக்கும் பிறந்தநாள் இல்லை. கவரேஜ் நூறு சதவீதத்தைத் தொட்டுவிட்டது!

கவரேஜ் என்றால்? எழுதிய புரோகிராமைச் சோதிக்க டெஸ்ட் எழுதுவோம் இல்லையா... அந்த டெஸ்ட் ஓடும்போது புரோகிராமில் எத்தனை வரிகள் ஓடின என்று சொல்லும் கணக்கு. அவ்வளவுதான்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் நாசி கண்டார் கடை, அதாவது சோற்றோடு கறி, குழம்பு ஊற்றித் தரும் கடை, வைத்திருக்கும் காதர் அண்ணனுக்கு ஓர் ஆர்டர் ஆப் செய்துகொண்டிருந்தோம். எங்கள் சின்னக் கம்பெனிக்கு அதுதான் முதல் பெரிய வேலை. "நூறு வராம அவர்கிட்ட காட்டக் கூடாது லா" என்று ஒற்றைக் காலில் நின்றார் பாஸ் தேவா. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வேலைக்கு வரும் பிரேமா ஒரே காலையில் டெஸ்ட்களை எழுதி நூறாக்கிவிட்டாள்.

மதியம் காதர் அண்ணன் வந்தார். ஆப்பில் சோறு, கோழி, வெண்டைக்காய் என்று தட்டினார். கடைசியில் 'பஞ்சிர்' பட்டன் — சோறு மிதக்கும் அளவுக்குக் குழம்பு. ஊரே அப்படித்தானே சாப்பிடுகிறது?

பிரின்டர் துப்பிய சீட்டைச் சத்தமாகப் படித்தார்.

"சோறு இல்லை. கோழி இல்லை. வெண்டைக்காய் இல்லை. குழம்பு பஞ்சிர்."



"தம்பி," என்றார் தேவாவைப் பார்த்து, "வர்றவங்க சாப்பிடணுமா, நீந்தணுமா?"

எனக்குச் சிரிப்பு முட்டியது. கூடவே, இந்த வேலை கைநழுவிவிடுமோ என்ற பயமும்.

"ரெண்டு நாள் பார்ப்பேன். சரியா வரலேன்னா வேற ஆள்தான்" என்று எழுந்து போய்விட்டார்.

பிரேமாவின் டெஸ்டைத் திறந்தேன். பஞ்சிர் பட்டனை அழுத்துகிறது... முடிந்தது! அழுத்திய பிறகு என்ன வந்தது என்று பார்க்கவே இல்லை.

"என்னம்மா இது?"

"வரி ஓடுச்சா இல்லையாக்கா? ஓடுச்சு. சரியா ஓடணும்னு பாஸ் கேக்கவே இல்லையே!"

நூறு கேட்டார், நூறு கொடுத்தாள். எதை அளக்கிறோமோ அதுதானே கிடைக்கும்?

இருவரும் உட்கார்ந்து, ஒவ்வொரு டெஸ்டையும் 'வந்த சீட்டு சரியா?' என்று கேட்க வைத்தோம். கவரேஜ் அதே நூறு. ஆனால் ஃபெயிலான டெஸ்ட்களால் திரை முழுக்கச் சிவப்பு! 'சீனி வேண்டாம்' என்றால் டீயே காணாமல் போகிறது. பார்சல் என்றால் மேசை நம்பர் கேட்கிறது. ஒவ்வொன்றாகத் திருத்தினோம்.

மறுபடி வந்த காதர் அண்ணன் அதே ஆர்டரைத் தட்டினார். சீட்டில் சோறும் வந்தது, கோழியும் வந்தது. அன்று சாயங்காலமே ஆப் கடைக்குப் போய்விட்டது.

பாஸும் திருந்திவிட்டார். ஃபெயில்களைப் பிடித்ததால்தான் ஆப் தேறியது என்று புரிந்துகொண்டார். நேற்று பிரேமாவிடம் வந்து, "எத்தனை ஃபெயில்?" என்றார்.

"எல்லாம் பாஸ், பாஸ்."

அவர் முகம் சுருங்கியது.

"ஒண்ணுகூட இல்லையா? நாளைக்குள்ள கொஞ்சமாவது ஃபெயிலாக்கிக் காட்டு லா!"